மூன்று ஓலையும் ஒரு கூடாரப் படகும்

மாப்பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிற கூட்டம் உலகத்திலேயே எங்கள் கூட்டம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மற்ற வீடுகளில் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள். கத்தோலிக்கர்களான எங்களிடம் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் பங்குச் சாமியார் எதிரில் நின்று மந்திரங்களை ஒப்பிக்க வேண்டும். பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை என்று பாடத்திட்டம் நீளும். தேறினால்தான் ஓலை. ஓலை என்பது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசிக்கிற அறிவிப்பு: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம். மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் தாலி.

எனக்கு ஒரு மந்திரமும் முழுதாகத் தெரியாது. பூசையில் நூறு பேரோடு நின்று வாயசைத்தே இருபத்தாறு வருஷத்தை ஓட்டியவன் நான். (தனியாகச் சொன்னால் பரலோக மந்திரத்தில் ஏறி அருள் நிறைந்த மந்திரத்தில் இறங்குவேன்.) அப்படிப்பட்டவன் பரீட்சை அன்று காலையில் என்ன செய்திருக்க வேண்டும்? புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்திருக்க வேண்டும். நான் பறவை பார்க்கப் போனேன். அதுவும் படகில். அதுவும் நானே தைத்த படகில்.

தைத்த படகு என்றது எழுத்துப் பிழை இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஆவடியில், ராணுவத்துக்குக் கூடாரம் தைக்கிற ஒரு தொழிற்சாலையில் துணி வெட்டுகிற பிரிவில் இருந்தேன். குவார்ட்டர்ஸில் வாசம். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெள்ளானூர் ஏரிப் பக்கம் போய், பக்கத்து பிளாக்கில் ஒருவரிடம் இரவல் வாங்கிய பைனாகுலரில் கொக்கும் நாரையும் பார்ப்பது பழக்கம். பழவேற்காட்டில் பனிக்காலத்தில் பூநாரை ஆயிரக்கணக்கில் இறங்கும், படகில் போனால்தான் கிட்டத்தில் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் கயாக் என்று ஒரு படம். ஒல்லியான படகு, நடுவில் ஓட்டை, ஓட்டையில் ஒரு வெள்ளைக்காரன், கையில் இரண்டு முனையும் அகன்ற துடுப்பு. படத்தைப் பார்த்ததும், இது ஒன்றும் கம்பசூத்திரமில்லை, கூடாரத்தைக் கவிழ்த்துப் போட்டால் இதுதானே என்று தோன்றியது. என் வாழ்க்கையின் பெரிய தவறுகள் எல்லாம் 'இதுதானே' என்றுதான் தொடங்கியிருக்கின்றன.

என் கூட்டாளி கன்னியப்பன். சேக்காட்டுக்காரன், அதே தொழிற்சாலையில் தையல் மெஷின் ஓட்டுகிறவன். இருவரும் ஆவடி மார்க்கெட் காயலான் கடையில் பழைய தார்ப்பாயும், லாரிகளை மூடி மறைக்கிற பச்சை வலை ஒன்றும் வாங்கினோம். மூங்கிலைப் பிளந்து கூடு கட்டினோம். அதன் மேல் தார்ப்பாயை இழுத்துத் தைத்தோம், எங்கள் தொழில் சுத்தப்படி, இரட்டைத் தையல், மடிப்பின் மேல் மடிப்பு. கூடாரத்தில் மேல் துணி கீழ்த் துணிமேல் படிந்திருக்க வேண்டும், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. மழை வழிந்து ஓடிவிடும். ஆறு வருஷம் அப்படித்தான் தைத்திருந்தோம். அதைக் கவிழ்த்துப் போட்டால் மடிப்புகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு தண்ணீரை வா வா என்று கூப்பிடும் என்பது இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. மழை மேலேயிருந்து வருவது. படகில் தண்ணீர் கீழேயிருந்து வரும் என்பதை நாங்கள் யோசித்ததே இல்லை.

இதற்கு நடுவில்தான் எனக்குப் பெண் அமைந்தது. பூந்தமல்லி ஸ்டெல்லா. பள்ளிக்கூட டீச்சர். அப்பா மரியசூசை டிரங்க் ரோட்டில் மரக்கடை வைத்திருந்தார். ஸ்டெல்லாவின் ஒரே அண்ணன் வளைகுடாவில் வேலை, லீவில் வந்திருந்தார், பிப்ரவரி நடுவில் திரும்ப வேண்டும். அதற்குள் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலமும் தொடங்குகிறது. தவக்காலத்தில் எங்களில் கல்யாணம் இல்லை. ஆகவே மூன்று ஞாயிறு ஓலை, மறுநாள் திங்கட்கிழமை கல்யாணம், புதன்கிழமை தவக்காலம் என்று ஒரு நாள்கூடப் பிசகாமல் மாமனார் கணக்குப் போட்டிருந்தார். நிச்சயத்தன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுல ஒரு ஓலை தவறினாலும் பையனோட அடுத்த லீவுக்குத்தான். ரெண்டு வருஷம். அதுவரைக்கும் பொண்ணை வச்சிக்கிட்டுக் காத்திருப்பேன்னு எதிர்பார்க்காதீங்க."

ஸ்டெல்லா அன்று என்னிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "நல்லா படிங்க." (எட்டாம் வகுப்புக்குச் சொல்கிற அதே குரல். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.)

பரீட்சை, முதல் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, பூந்தமல்லி பங்குச் சாமியார் வீட்டில். அந்தச் சனிக்கிழமை குடியரசு தினம். தொழிற்சாலை லீவு. கன்னியப்பனின் மாமா டெம்போவும் அன்று ஒருநாள்தான் சும்மா நிற்கும்.

"இன்னாத்துக்கு மாமே ரோசன பண்ற?" என்றான் கன்னியப்பன். "காலீல அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்தா ஏயு மணிக்கு அங்க. மத்தியானம் பன்னெண்டுக்கு ரிட்டன். ஊட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு ஷோக்கா போய் நிக்கலாம்."

"மந்திரம் படிக்கணும்டா."

"தண்ணி நடுவுல குந்திகினு படி. எவன் வந்து தொந்தரவு பண்ணப் போறான்?"

இது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. குவார்ட்டர்ஸில் எப்போதும் பத்து வீட்டு ரேடியோ. ஜெபப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். படிப்பதற்காகத்தான் போகிறேன், பறவை எல்லாம் சும்மா போகிற வழியில் என்று என்னை நானே நம்ப வைத்துவிட்டேன்.

பழவேற்காட்டில் படகை இறக்கியதும் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா இது, சவப்பெட்டியா?" என்றார். நான் கயாக் என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டு, "எதுவா வேணா இருக்கட்டும். பத்து மணிக்கு மேல தண்ணி வாங்கிடும். அதுக்குள்ள கரைக்கு வந்துடு" என்றார்.

நான் சிரித்துக்கொண்டேன். நான் ஆவடிக்காரன். ஏரி என்றால் எனக்குத் தெரியாதா? மதகைத் திறந்தால் தண்ணீர் போகும், இல்லாவிட்டால் வெயிலில் வற்றும். காலை பத்து மணிக்குக் கிளம்பிப் போவதற்கு ஏரித் தண்ணீர் என்ன ஷிப்டுக்கா போகிறது? பழவேற்காடு ஏரிக்குக் கடலோடு வாய் உண்டு, கடல் இழுத்தால் ஏரியும் இறங்கும் என்பது அன்று மத்தியானம்தான் எனக்குத் தெரிய வந்தது.

படகில் ஏறியதை விவரிக்கப் போவதில்லை. மூன்றாவது முயற்சியில் ஏறினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கன்னியப்பன் பச்சை வலையை என் தலைமுதல் படகு வால்வரை போர்த்தி, தொழில் சுத்தமாக எட்டு இடத்தில் முடிச்சுப் போட்டு, கரையோரப் புல்லையும் பிடுங்கி வலைக் கண்களில் செருகினான். பத்தடி தள்ளி நின்று பார்த்தான். "மாமே, நீ இருக்குறதே தெர்ல" என்றான் பெருமையாக.

கூடாரக் கம்பில் இரண்டு பக்கமும் பிளைவுட் அடித்த துடுப்பால் தள்ளிக்கொண்டு போனேன். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் தண்ணீரின்மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. மேகத்தின் நிழல் என்று நினைத்தேன். பைனாகுலரை வைத்துப் பார்த்தபோது அந்தக் கோட்டுக்குக் கால்கள் இருந்தன. ஆயிரம் ஆயிரமாகக் கால்கள். அத்தனையும் பூநாரை. படிப்பு, பரீட்சை, பூந்தமல்லி எல்லாம் அந்த நிமிஷமே மறந்து போயிற்று.

துடுப்பை வேகமாகப் போட்டேன். படகு வேகமாகப் போகவில்லை. குனிந்து பார்த்தால் நான் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறேன். மடிப்புகள் தங்கள் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தன. சாப்பாட்டு டப்பா மூடியால் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஊற்றுவதும் துடுப்புப் போடுவதுமாக எவ்வளவு நேரம் போனதோ, படகு மெத்தென்று எதன்மேலோ உட்கார்ந்தது. தள்ளினேன். நகரவில்லை. சுற்றிலும் பார்த்தால் தண்ணீர் என்னை விட்டு மெதுவாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது, பூசை முடிந்து ஜனங்கள் கலைகிற மாதிரி, அவசரமில்லாமல். அரைமணியில் ஒரு பர்லாங்குக்குச் சேறு.

இறங்கி நடந்துவிடலாம் என்று ஒரு காலை வைத்தேன். தொடைவரை போயிற்று. காலை இழுத்தேன், கால் வந்தது, செருப்பு வரவில்லை. (அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.) மறுபடி படகுக்குள் உட்கார்ந்து வலையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மணி பதினொன்று.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் சரியான வார்த்தை அகப்படவில்லை. தண்ணீர் விட்டுப் போன இடத்துக்குப் பறவைகள் வந்தன. முதலில் சின்ன உள்ளான்கள், கைக்கு அடக்கமானவை, ஐம்பது அறுபது ஒரே சமயத்தில் ஓடி, ஒரே சமயத்தில் நின்று, ஒரே சமயத்தில் சேற்றைக் கொத்தின. பிறகு சிவப்புக் குச்சிக் காலோடு நெடுங்கால் உள்ளான்கள். பிறகு அலகு கீழ்நோக்கி வளைந்த கோட்டான் ஒன்று வந்தது. (ஆந்தை இல்லை, இது நீர்க்கரைக் கோட்டான்.) அந்த அலகை முழுசாகச் சேற்றுக்குள் விட்டு, கண்ணை மூடித் திறந்து, ஒரு நண்டை வெளியே எடுத்தது. என்னிடமிருந்து ஆறடி. அதன் கண்ணில் என் படகு தெரிந்தது, நான் தெரியவில்லை. கன்னியப்பன் சொன்னது சத்தியம்.

படகின் மூக்கில் ஒரு உப்புக்கொத்தி வந்து உட்கார்ந்தது. உள்ளங்கை அகலப் பறவை. அது எங்கோ வடக்கே, பனிப் பிரதேசத்திலிருந்து வந்திருக்கும். எத்தனை மலை, எத்தனை கடல் தாண்டி வந்து, ஆவடியில் தைத்த தார்ப்பாயின்மேல் ஒற்றைக் காலில் நின்று தூங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு பூநாரைகள் நடந்தே வந்தன. தண்ணீர் மிச்சமிருந்த வாய்க்கால் ஓரமாக, தலையைக் கவிழ்த்து, அலகை இப்படியும் அப்படியும் அரித்துக்கொண்டு, வரிசை வரிசையாக. அவற்றின் முணுமுணுப்பு எங்கள் ஷெட்டில் நூறு தையல் மெஷின் சேர்ந்து ஓடுகிற சத்தம் போல இருந்தது. என்னைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் உயிர். நான் அழுதேன். ஏன் அழுதேன் என்று கேட்டால் தெரியாது. இவ்வளவும் நான் பிறந்த நாளிலிருந்து, நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஆவடியிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் நடந்துகொண்டே இருந்திருக்கிறதே என்று மட்டும் தோன்றியது.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒரு மணி சுமாருக்குக் கரையில் கன்னியப்பன் தெரிந்தான். டெம்போவின் கூரைமேல் ஏறி நின்று, நெற்றியில் கையை வைத்து ஏரியைத் துழாவிக்கொண்டிருந்தான். அவன் பார்வை என்மேல் வந்தது, தாண்டிப் போயிற்று, மறுபடி வந்தது, மறுபடி தாண்டிப் போயிற்று. அவன் கட்டிய வலை அவனையே ஏமாற்றியது. நான் எழுந்து சட்டையைக் கழற்றி ஆட்டியிருந்தால் போதும். ஐந்து மணிக்குப் பூந்தமல்லியில் என்ன காத்திருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆட்டினால் அத்தனையும் பறந்துவிடும். உப்புக்கொத்தி எழுந்துவிடும். இன்னும் ஐந்து நிமிஷம் என்று நினைத்தேன். அப்புறம் இன்னும் ஐந்து நிமிஷம். அப்படியே ஒரு மணி நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கன்னியப்பன் கூரையிலிருந்து இறங்கி, தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் செத்துப்போய்விட்டேன் என்று முடிவு செய்துவிட்டான் என்பது அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. அது தாங்காமல்தான் எழுந்தேன். வலையைக் கிழித்துக்கொண்டு நின்று கையை ஆட்டினேன். ஏரி முழுதும் ஒரே நேரத்தில் எழும்பிற்று. வானம் முதலில் வெள்ளையாயிற்று, பறவைகள் திரும்பியபோது சிவப்பாயிற்று. இறக்கைக் காற்று முகத்தில் அடித்தது. என் கத்தல் என் காதுக்கே கேட்கவில்லை. பறவை எழும்பின இடத்தைப் பார்த்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள்.

காலையில் எச்சரித்த அதே வலைக்காரர் வந்தார். நடந்து வந்தார். கணுக்கால்கூட நனையவில்லை. எனக்கு வலது பக்கம் பத்தடியில் கெட்டி மணல் திட்டு கரைவரை போயிருக்கிறது. ஒரு பலகையைச் சேற்றின்மேல் போட்டு என்னை அதில் ஏற்றிக்கொண்டு, "இந்தாண்ட இறங்கி இருந்தா நடந்தே வந்திருக்கலாமே நைனா" என்றார். அதில் கிண்டல்கூட இல்லை, வெறும் பரிதாபம்.

கன்னியப்பன் என்னைக் கட்டிப்பிடித்தான், பிறகு அடித்தான். "உங்க அம்மாகிட்ட இன்னா சொல்றதுன்னு ஒக்காந்து ரோசன பண்ணிகினு கீறேன். நீ இன்னா பண்ணிகினு இருந்த அங்க?"

"மாட்டிக்கிட்டேன்" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போக நேரமில்லை. டெம்போ நேராகப் பூந்தமல்லிக்குப் பறந்தது. கன்னியப்பன் தன் பேண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வண்டியில் கிடந்த மாமாவின் லுங்கியைச் சுற்றிக்கொண்டான். அவன் என்னைவிட அரையடி குள்ளம். பேண்ட் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது, அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் காய்ந்த சேறு. ஜெபப் புத்தகம் ஊறி, பக்கங்கள் ஒட்டி, இட்லி கனத்துக்கு உப்பியிருந்தது. சாமியார் வீட்டு வாசலில் நான் வெறுங்காலோடு இறங்கியபோது மணி ஐந்தே முக்கால்.

உள்ளே மாமனார், அவர் மகன், ஸ்டெல்லா. மாமனார் என் காலிலிருந்து தொடங்கி மேலே பார்த்தார். நான் படகு, சேறு, தண்ணீர் வாங்கியது எல்லாம் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உட்காராதே, நாற்காலி பாழாயிடும். நின்னே சொல்லு" என்றார்.

பரலோக மந்திரம் எப்படியோ தேறியது. அருள் நிறைந்த மந்திரத்தில் ஒரே ஒரு விபத்து. அடுத்தது விசுவாசப் பிரமாணம். வானத்தையும் பூமியையும் படைத்தவரை நம்புகிறேன் என்று தொடங்க வேண்டும். தொடங்கினேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். இருபத்தாறு வருஷமாக வாயசைத்த வரி. அன்று மத்தியானம் பார்த்த அத்தனையும் அந்த ஒரு வரிமேல் வந்து இறங்கிவிட்டது. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

"அடுத்து?" என்றார் சாமியார்.

"வரல ஃபாதர்."

அவர் பதிவேட்டை மூடினார். "இப்படி இருந்தா நாளைக்கு ஓலை வாசிக்க முடியாதுப்பா." மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். என் கல்யாணம் அந்தத் துண்டோடு போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க இருந்த இடத்துலேர்ந்து கரையில ஆள் நின்னா தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப கையை ஆட்டியிருக்கலாமே."

டீச்சர்களிடம் பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டும். "ஆட்டியிருக்கலாம்" என்றேன்.

"எவ்வளவு நேரம் ஆட்டல?"

"ஒரு மணி நேரம்."

"ஏன்?"

"ஆட்டினா பறந்துடும்."

மாமனார் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பையன் தண்ணியடித்திருக்கிறானா என்கிற சந்தேகம் இருந்தது. ஸ்டெல்லா சாமியார் பக்கம் திரும்பினாள்.

"ஃபாதர், இவருக்கு மந்திரம் தெரியாது. ஆனா பொய் சொல்லல. நாளைக்கு ஓலையை வாசிங்க. நான் சொல்லித் தரேன். மூணாவது ஓலைக்குள்ள இவர் முழுசா ஒப்பிக்கலன்னா, அன்னைக்கு நானே எழுந்து தடை சொல்றேன்."

சாமியார் முப்பது வருஷச் சேவையில் இப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்க மாட்டார். மாமனாரைப் பார்த்தார். மாமனார் மகளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் முதல் ஓலை வாசிக்கப்பட்டது.

அடுத்த இரண்டு வாரமும் ஷிப்டு முடிந்ததும் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு சைக்கிள் மிதித்தேன். மரக்கடை வாசலில் பெஞ்சு, உள்ளே மாமனார், பெஞ்சின் இந்த முனையில் நான், அந்த முனையில் கையில் ஸ்கேலோடு ஸ்டெல்லா. (அடிக்கவில்லை. ஓங்கினாள்.) ஒரு மந்திரம் பிழையில்லாமல் ஒப்பித்தால் ஒரு பறவையைப் பற்றிச் சொல்ல அனுமதி. முதல் நாள் ஒரு பறவைக்குக்கூட வழியில்லை. இரண்டாவது வாரத்தில் பூநாரைவரை வந்துவிட்டோம். உப்புக்கொத்தியைப் பற்றிச் சொன்ன அன்று ஸ்கேலை மடியில் வைத்துவிட்டு, "அப்புறம்?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை சாமியார் முன்னால் நின்று மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். மறுநாள் மூன்றாவது ஓலை. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் நான். சாமியார் இரண்டு பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். வழக்கமாக அந்த இடத்தில் நிறுத்த மாட்டார். அன்று நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பெண்கள் பக்கம் பார்த்தார்.

அங்கேயிருந்து ஒரு இருமல் கேட்டது.

கோவில் முழுதும் திரும்பிற்று. என் அம்மா ஜெபமாலையைக் கீழே போட்டுவிட்டாள். எனக்கு மறுபடி அந்தச் சேற்றில் கால் வைத்த மாதிரி இருந்தது. ஸ்டெல்லா நிதானமாக முக்காட்டைச் சரி செய்துகொண்டு, குனிந்து, முழந்தாளிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போனார். மறுநாள் கல்யாணம்.

அது நிஜ இருமலா என்று முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தொண்டையில் தூசி என்பாள். கன்னியப்பன் அதை நம்பவில்லை, என் மாமனார் கடைசிவரை நம்பவில்லை, என் பிள்ளைகள் சுத்தமாக நம்பவில்லை. நான் காஸ் புக் பண்ண மறந்தாலும், ரயிலைத் தவறவிட்டாலும், ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் எதையோ பார்த்துக்கொண்டு கூப்பிட்ட குரலுக்குப் பதில் தராவிட்டாலும், என் மகள் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அம்மா, இன்னுமா நீ தடை சொல்லல?"

உள்ளேயிருந்து பதில் வரும்: "இரு, யோசிச்சிக்கிட்டிருக்கேன்."